மகாத்தி பெயர் சொல்லி நடந்த மூன்று நாள்

மகாத்தி தபால் பையைத் தோளில் மாட்டிய மூன்றாம் நாள், ஒருவர் தன் பெயரையே யாரென்று தெரியாது எனக் கையை விரித்தார்.

ஒசாகா பஞ்சாலையிலிருந்து வந்த கடிதம் அது. உறையின் மேல் 'உயேசு செய்த்தோகு' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. காலையிலிருந்து அந்த ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அவள் தெற்குத் தீவின் நகாபரு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டாள். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டாள், கிணற்றடியில் கேட்டாள், பன்றிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவர்களைக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேற்கு வீட்டு வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தவர் முன் போய் நின்றாள்.

"அப்படி ஒருத்தரும் இந்த ஊர்ல இல்லையே, பிள்ளை. பக்கத்து ஊரா இருக்கும், போய்க் கேளு."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அடடே, அது நீங்கதான்!"

"நானா?"

"பள்ளிக்கூடத்துல உங்களை என்னன்னு கூப்பிட்டாங்க?"

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது.

நகாபருவில் இது அதிசயமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு உயேசு என்றே குடும்பப் பெயர். மூத்த பையனுக்குத் தாத்தா பெயர், மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், அடுத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர். இப்படியே சுற்றிச் சுற்றி வந்ததில் ஊருக்குள் பதினொரு கமி, ஒன்பது உஷி. அதனால் யாரும் பெயரை நம்பி இருப்பதில்லை, வீட்டை வைத்துத்தான் ஆள். மேற்கு வீட்டுக் கமி, வெல்ல வீட்டுக் கமி, வளைவு வீட்டுக் கமி. பதிவேட்டில் ஏறிய பெயர் என்பது பெட்டிக்குள் மடித்து வைத்த நல்ல துணி மாதிரி. பட்டாளத்துக்குப் போகும்போதும் கடிதம் வரும்போதும்தான் அதை வெளியே எடுப்பார்கள்.

பழைய தபால்காரரைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனதால், ஆலமரத்து வீட்டு இரண்டாவது பெண்ணான மகாத்திக்குப் பதினெட்டு வயதில் அந்த வேலை கிடைத்தது. அவர் விட்டுப்போனது பையும், கடிக்கிற நாய் எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்ற விவரமும்தான். பெயர்களை அவளேதான் சேர்க்க வேண்டியிருந்தது. எல்லா வீட்டுக்கும் கடிதம் எழுத வெளியே ஒரு ஆளாவது இருந்தது. படையில் ஒருவர், பஞ்சாலையில் ஒருவர், மணிலாவில் ஒருவர். எட்டு மாதத்தில் நூற்றிருபத்தாறு வீட்டிலும் யாருக்கு என்ன பதிவேட்டுப் பெயர் என்பது அவளுக்குப் பாடமாகிவிட்டது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் சொல்லச் சொன்னால் வராது. வாசலில் போய் நின்றால்தான் வரும். கால் நின்றதும் வாய் தானாகச் சொல்லும்.

"உன் மூளை முழங்கால்ல இருக்குடி" என்பாள் அக்கா காமதூ.

அக்கா கிணற்றடி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மகாத்தியின் வழியில் அது அறுபத்து மூன்றாவது வாசல், சரியாகப் பாதி. அங்கே பையை இறக்கிவைத்து, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்றைத் தின்றுவிட்டு, அக்காளின் மகள் கமியோடு இரண்டு வார்த்தை சண்டை போட்டுவிட்டுத்தான் மீதி வீடுகளுக்குப் போவாள்.

ஒரு மார்ச் மாதக் காலையில் குன்றின் மேல் ஆட்கள் கூடி நிற்பதைக் கண்டு அவளும் ஏறிப் பார்த்தாள். வழக்கமாக அங்கிருந்து பார்த்தால் கடல் பச்சையாகவும் அதற்கப்பால் நீலமாகவும் தெரியும். அன்று பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. கப்பல். கண் போகிற தூரம்வரை சாம்பல் நிற அமெரிக்கப் போர்க்கப்பல்கள், இடைவெளியில்லாமல். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவியே கால் நனையாமல் தொலைதூரத்துத் தீவுக்குப் போய்விடலாம் போலிருந்தது. உலகத்தில் இத்தனை இரும்பு இருக்கிறது என்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது.

வளைவு வீட்டுக் கிழவர் கண்ணைக் கசக்கிவிட்டுக் கேட்டார். "கடலை எங்கடா காணோம்?"

ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முதல் குண்டு விழுந்தது.

மேலே வீடுகள் எரிந்தன. ஊர் அங்கங்கே குகைகளுக்குள் போனது. சுண்ணாம்புப் பாறைக்குள் நீண்டு கிடந்த மகாத்தியின் குகையில் தொண்ணூறு பேர். மேற்பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும். மகாத்தியின் அம்மா சிரூ ஏப்ரலில் தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பவில்லை. மே பதினெட்டாம் தேதி, அந்த இருட்டில் அக்காளுக்கு இரண்டாவது பெண் பிறந்தது. அதன் அப்பா அதற்கு முன்பே வடக்கே எங்கோ செத்துப்போயிருந்தார். அந்தச் செய்தி பிறகுதான் தெரிந்தது.

பிறந்த ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டும். மூன்று கல் அடுப்பை மூட்டி, அடுப்புத் தெய்வத்திடம் இன்னார் வீட்டில் இன்ன பெயரோடு ஒருத்தி வந்திருக்கிறாள் என்று சொல்லி, கரியைத் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் அது ஊரில் ஒரு ஆள். குகைக்குள் நெருப்பு மூட்ட முடியாது, புகை வெளியே போனால் குண்டு விழும்.

"மூட்டாம சும்மா வாயால சொல்லிடலாமே, அக்கா" என்றாள் மகாத்தி.

"அடுப்பு இல்லாம யார்கிட்டடி சொல்றது? வெளியே போனதும் முறையா வச்சுக்கலாம். அவசரப்பட்டா பேர் ஒட்டாது."

எல்லோரும் அதைச் 'சின்னது' என்றே கூப்பிட்டார்கள்.

ஜூன் ஆறாம் தேதி காலையில் வடக்கிலிருந்து பின்வாங்கி வந்த சொந்த நாட்டுப் பட்டாளத்தார் குகைக்குள் நுழைந்தார்கள். இந்தத் தீவைக் காப்பாற்ற வந்தவர்கள் என்று இதே ஊர் அவர்களுக்கு இரண்டு வருடம் கிழங்கும் பன்றியும் கொடுத்திருந்தது. அழுகிற குழந்தைகள் உள்ளே இருக்கக் கூடாது என்றார்கள். தங்களுக்குப் புரியாத தீவுப் பேச்சில் யாராவது பேசினால் வேவுகாரர் என்றார்கள். காமதூ யாரையும் பார்க்காமல் எழுந்தாள். சின்னதை முதுகில் கட்டினாள். கமியைக் கையில் பிடித்தாள்.

"நானும் வரேன்க்கா."

"தண்ணி ரொப்பிட்டு வா. கரும்புக்காட்டு ஓரத்துல இருப்போம்."

மகாத்தி பாறைச் சொட்டுக்கு அடியில் குடுவையைப் பிடித்தாள். அது நிறைய நேரமாகும். குடுவை பாதி நிறைவதற்குள் வெளியே தரை குலுங்க ஆரம்பித்து, அன்று முழுவதும் நிற்கவில்லை.

பத்தொன்பது நாள் வாழ்ந்த குழந்தை அது.

பிடிபட்டு அமெரிக்கர் முகாமில் ஏழு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, ஊர் என்று ஒன்று இல்லை. அறுநூற்று நாற்பது பேரில் முந்நூறு பேர் திரும்பியிருந்தார்கள். உழுவதற்கு முன் எலும்பு பொறுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் கூடை எடுத்துக்கொண்டு போனார்கள். யாருடையது என்று கேட்காமல் பொறுக்கினார்கள். கரும்புக்காட்டு ஓரத்தில் மகாத்தி மூன்று எலும்புக் குவியலைப் பார்த்தாள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது, ஒன்று அவள் இரு கைக்குள் அடங்கியது. அந்த மூன்றையும் அவள் வேறு யாரையும் தொடவிடவில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் கிளார்க் வந்தார். தோமா கென்யு, இருபத்து மூன்று வயது, நாஹா பட்டணத்துப் பையன். தீவின் பதிவேடுகள் எல்லாமே எரிந்துவிட்டன, ஒவ்வொரு ஊரிலும் உயிரோடிருப்பவர், இறந்தவர் எல்லோரையும் பதிவேட்டுப் பெயரோடு புதிதாக எழுத வேண்டும் என்று உத்தரவு. அமெரிக்கப் படையின் பழைய தாள்களைப் பின்பக்கம் திருப்பிக் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூடாரத்துக்குள் மேசையைப் போட்டு உட்கார்ந்தார். வெளியே வரிசை நின்றது.

"இறந்தவர் பெயர்?"

"மேற்கு வீட்டுக் கமி."

"பதிவேட்டுப் பெயர் சொல்லுங்கம்மா."

"அதான் சொன்னேனே. மேற்கு வீட்டுக் கமி. வேற எந்தக் கமி?"

"அடுத்தவர் சொல்லுங்க."

"வெல்ல வீட்டுத் தாத்தா."

"தாத்தாவுக்குப் பேர் இருக்குமே?"

"இருந்திருக்கும். நாங்க தாத்தான்னுதான் கூப்பிடுவோம், தம்பி. நீ உங்க தாத்தாவைப் பேர் சொல்லியா கூப்பிடுவே? பட்டணத்துல அப்படியா?"

கூட்டம் சிரித்தது. கிளார்க்கின் காது சிவந்தது. மத்தியானத்துக்குள் தாளில் நான்கு கமி, மூன்று உஷி, ஏழு தாத்தா ஏறியிருந்தார்கள். அவர் பேனாவை மூடினார்.

"இதைக் கொண்டுபோனா மேலிடத்துல என் முகத்துலயே விட்டெறிவாங்க. பேர் இல்லாத வரி செல்லாது, அடிச்சிடுவாங்க. செத்தவங்க அத்தனை பேரும் இருந்ததே இல்லைன்னு ஆயிடும். உங்களுக்குப் புரியுதா, இல்லையா?"

சிரிப்பு நின்றது. அப்போதுதான் எந்திர எண்ணெயில் கிழங்கு வறுத்து விற்கும் உஷிப் பெரியம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அந்த எண்ணெயில் வறுத்ததைத் தின்றால் இரண்டு நாள் வயிறு பேசும். ஆனாலும் அவளிடம் வாங்காதவர் இல்லை.

"ஏன்டா எல்லாரும் தலையைச் சொறியறீங்க? தபால்காரி இருக்காளே! மகாத்தி, வாடி இங்க. இவன்கிட்டச் சொல்லு."

மகாத்தி மேசைமுன் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றுமே வரவில்லை.

"உக்காந்தா வராது, பெரியம்மா. நடந்தாத்தான் வரும்."

"அப்ப நட. ஏ பட்டணத்துத் தம்பி, மேசையைத் தூக்குடா."

மகாத்தி பின்னாளில் முப்பத்தெட்டு வருடம் தபால் கொடுத்தாள். மிதிவண்டி கொடுத்தும் ஏற மறுத்தாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். மாமியாரோடு ஒரு சேவலை முன்னிட்டு ஆறு வருடம் பேசாமல் இருந்தாள். ஆனால் நகாபருக்காரர்களிடம் அவளைப் பற்றிக் கேட்டால் இதில் எதையும் சொல்ல மாட்டார்கள். அந்த மூன்று நாளைத்தான் சொல்வார்கள்.

கிழக்கு மூலையில் தொடங்கினாள். அங்கே வீடில்லை, கருகிய கல் ஒன்றுதான் கிடந்தது. அவள் பையை மாட்டுவதுபோல் வலது தோளைச் சற்றுத் தூக்கிக்கொண்டாள். நின்றாள்.

"உயேசு சொகோ. மகன் உயேசு சொதொகு, மணிலா. மருமகள் உயேசு தொமி."

இருபது அடி நடந்தாள். புல் மட்டும் இருந்த இடத்தில் நின்றாள், வாசல் இருந்த அதே இடத்தில்.

"கனஹா கிச்சிசெய். தம்பி கனஹா கிச்சிசென், ஒசாகா, மூணாம் நம்பர் பஞ்சாலை."

பின்னால் முதலில் பத்துப் பேர் வந்தார்கள். ஆறாவது வாசலில் ஐம்பது. பதினைந்தாவது வாசலுக்கு ஊரே வந்தது. அவள் ஒரு பெயரைச் சொன்னதும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் "ஐயோ, எங்க மாமா" என்றோ, "செத்துட்டார், மே மாசம், கிணத்துப் பக்கத்துல" என்றோ சொல்லும். கிளார்க் எழுதுவார். வீடே இல்லாத ஊரில் வீடு வீடாக அவள் நிற்க நிற்க, சுவரும் மாடமும் பன்றிக் கொட்டிலும் மறுபடி எழும்பி நிற்பதுபோல் மக்கள் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இல்லாத வாசலில் குனிந்து நுழைந்தார்கள் சிலர். ஒருவர், கடிக்கிற நாய் இருந்த வீட்டருகே தன்னையறியாமல் ஒதுங்கி நடந்தார்.

பெயர்கள் அவள் வாயிலிருந்து வந்தாலும், அவளுக்கே மேல் சிலிர்த்தது. இத்தனை பேரா? உயிரோடு இருந்தபோது தினமும் பார்த்தவர்கள்தான். வரிசையாகச் சொன்னபோதுதான் எண்ணிக்கை தெரிந்தது. அன்று குன்றிலிருந்து பார்த்த கப்பல்கள் போல, ஒன்று முடிந்தால் அடுத்தது, முடிவே இல்லாமல்.

ஆனால் அவளுக்குத் தெரிந்தது கடிதம் வந்தவர்களின் பெயர் மட்டும்தான். கடிதமே வராத பெண்கள், பிள்ளைகள் பெயரை உறவினர் சொன்னார்கள். உறவே மிஞ்சாத வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் மூளையைக் கசக்கி, பள்ளியில் கூடப் படித்த யாராவது நினைவுபடுத்தி, எப்படியோ ஒன்று கிடைத்தது. அறுபத்து மூன்றாவது வாசல்வரை.

கிணற்றடி வீட்டில் அவள் எல்லோர் பெயரையும் சொன்னாள். மாமனார், அக்காளின் கணவர், அக்கா, கமி. கிளார்க் எழுதி முடித்து நகரப் போனார். மகாத்தி நகரவில்லை.

"இன்னும் ஒருத்தி இருக்கா."

"பேர்?"

"வைக்கலை. குகையில பிறந்தா. அடுப்பு மூட்ட முடியலை."

கிளார்க் மூச்சை இழுத்து விட்டார். "இங்க பாருங்க, நான் சொன்னேனே. பேர் இல்லாத வரி செல்லாது. அதுவுமில்லாம, பிறப்பே பதிவாகலை. பதிவாகாத ஆள் எப்படிச் சாக முடியும்? சட்டம் அப்படி. என்மேல கோபப்படாதீங்க."

மகாத்தி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இங்க உக்காந்தா ஒண்ணும் வராது. மீதி அறுபத்து மூணு வீடும் என் காலுக்குள்ள இருக்கு. அவளை எழுதினா எழுந்திருப்பேன்."

"மிரட்டறீங்களா?"

"ஆமா."

ஊர்த் தலைவர், எல்லோரும் வெல்ல வீட்டு மாமா என்று அழைக்கும் கனஹா, சமாதானத்துக்கு வந்தார். "பிள்ளே, மத்தவங்க பேரும் போயிடும்மா."

"போகட்டும் மாமா. பத்தொன்பது நாள் நான்தான் தூக்கி வச்சிருந்தேன். அவ இல்லைன்னு எழுதற தாள்ல எங்க அக்கா பேரும் வேண்டாம்."

பிறகு, யாரும் சொல்லாமலே, உஷிப் பெரியம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சிறிது நேரத்தில் நின்றுகொண்டிருந்தது கிளார்க் மட்டும்தான். மேசையில் தாள்கள் காற்றில் படபடத்தன. அவர் ஒரு கையால் அவற்றை அமுக்கிக்கொண்டு அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இப்ப பிறக்கிற குழந்தைக்கு அப்பா அம்மா இல்லைன்னா, கிட்டத்து உறவு வந்து பிறப்பைச் சொல்லலாம்" என்றார் மெதுவாக. "நாள் தவறினாலும் சொல்லலாம். எவ்வளவு தவறலாம்னு எங்கயும் போடலை." பிறகு குரலை உயர்த்தினார். "முதல்ல பிறப்பைப் பதியலாம். அப்புறம் இறப்பு. ஆனா பேர் வேணும். பேர் இல்லாம முடியாது."

"பேர் வைக்கணும்னா அடுப்பு வேணும்" என்றாள் மகாத்தி.

"அடுப்புதானே?" உஷிப் பெரியம்மா எழுந்துவிட்டாள்.

கிணற்றடி வீட்டின் சமையலறை இருந்த இடத்தைக் கிணற்றிலிருந்து அடியளந்து கண்டுபிடித்தார்கள். மூன்று கல் வைத்தார்கள். கரும்புச் சருகு கொண்டுவந்தார்கள். வெல்ல வீட்டு மாமாவின் தீப்பெட்டி நமத்துப்போயிருந்ததால், கடைசியில் கிளார்க்கின் சிகரெட் லைட்டரால் அடுப்பு பற்றியது.

"என்ன பேர்டி?"

பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி ஹருகோ என்றாள், பட்டணத்துப் பேராக இருக்கும். இன்னொருத்தி, மேயில் பிறந்ததற்கு யாராவது 'வசந்தத்தின் பிள்ளை' என்று ஹருகோ வைப்பார்களா, அது வசந்தமே இல்லையே என்றாள். "நீ என்ன, உனக்கு வைக்கறமாதிரி அலையறே?" என்று உஷிப் பெரியம்மா அதட்டினாள்.

"ரெண்டாவது பொண்ணு" என்றாள் மகாத்தி. "அம்மாவைப் பெத்தவ பேர்தான். சிரூ."

"அது வீட்டுப் பேராச்சே" என்றார் கிளார்க். "பதிவேட்டுக்குப் பள்ளிக்கூடப் பேர் மாதிரி ஒண்ணு..."

"அவ பள்ளிக்கூடம் போகலை" என்றாள் மகாத்தி.

அவர் அப்படியே எழுதினார்.

பெரியம்மா புகையின் முன் மண்டியிட்டு, கிணற்றடி வீட்டில் சிரூ என்று ஒருத்தி வந்திருக்கிறாள், வர நேரமாகிவிட்டது, வழியில் இடைஞ்சல், மன்னிக்க வேண்டும் என்று சொன்னாள். கல்லில் படிந்த கரியைத் தொட்டுத் திரும்பினாள். விரல் அப்படியே நின்றது. வைக்க நெற்றி இல்லை.

மகாத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து மேசைக்குக் கூட்டிப்போனாள். ஈரம் காயாத அந்த வரியின் ஓரத்தில் பெரியம்மாவின் விரல் பதிந்தது, கறுப்பாக. அரசாங்கத் தாள் அழுக்காகிறதென்று கிளார்க் சொல்லவில்லை. பதிந்ததைச் சொன்னவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. எழுந்து நின்று படித்தார்.

"உயேசு சிரூ. பெண். பிறப்பு மே பதினெட்டு, நகாபரு. இறப்பு ஜூன் ஆறு, நகாபரு."

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார்.

மகாத்தி எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அடுத்த வாசலைப் பார்த்து நடக்கத் திரும்பினால், வழி இல்லை. மேசையின் முன் வரிசை நின்றிருந்தது. குகையில் பிறந்தது ஒன்று, முகாமுக்குப் போகிற பாதையில் பிறந்தது ஒன்று, பிறந்த அன்றே போனது ஒன்று. இதுவரை வாயே திறக்காத பெண்கள். மேற்கு வீட்டுக்காரரும் நின்றார், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு. அவர்களுக்கு அப்படியொன்று இருந்தது ஊரில் யாருக்கும் தெரியாது.

"அடுப்பை அணைச்சிடாதீங்கடி" என்றாள் உஷிப் பெரியம்மா.

ஒரு நாளில் முடியவேண்டிய நடை மூன்று நாள் ஆனது.